கட்டுரைக்கு ஓர் உபயம்

என் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட செய்தி வந்தபோது நான் ஜொகூரில், தம்போய் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்தேன். வாழ்த்துகள் என்ற முதல் வரியைப் படித்ததும் சமையலறையிலேயே ஒரு கூச்சல் போட்டேன். இரண்டாவது பத்தியில் அந்தக் கூச்சல் அடங்கிவிட்டது. கட்டுரையை எந்த வழியில் வெளியிடப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒரு வழியில் எனக்குச் செலவே இல்லை. ஆனால் படிக்க விரும்புகிறவர் பணம் கட்டித்தான் உள்ளே வர முடியும். இன்னொரு வழிக்கு ஓபன் அக்சஸ் என்று பெயர். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். எழுதிய நான்தான் கட்ட வேண்டும். அவர்கள் கேட்ட தொகைக்கு ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய கார் வாங்கலாம்.

இந்தத் தொழிலின் அழகே தனி. ஆய்வு செய்வது நாங்கள், எழுதுவது நாங்கள். அதைப் படித்துக் குறை சொல்லும் மற்றப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் அதைச் சும்மாதான் செய்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, இதைப் பூட்டவா திறக்கவா, எப்படியானாலும் யாராவது காசு கொடுங்கள் என்று ஒருவர் வந்து நிற்கிறார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று மீனைத் தேவைக்கு மேல் உரசிவிட்டேன்.

பூட்டிவிட்டுப் போவதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பதவி உயர்வுக்கான புள்ளி எப்படியும் வந்துவிடும். நஷ்டம் என் அண்ணிக்குத்தான்.

அண்ணி பக்கத்து ஊரான மாசாயில் இருக்கிறார். தகர மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் பிரிவில் வேலை. இயந்திரம் நாள் முழுக்கத் தகரத்தை அடித்து வெட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பிரிவுப் பெண்களின் காது எப்படி இருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. "எங்க நாத்தனா காது டெஸ்ட் பண்ணுது, ப்ரீதான், வாங்க" என்று சொல்லி ஆட்களைத் திரட்டிக் கொடுத்தவரே அண்ணிதான். முடிவு நன்றாக இல்லை. அங்கே நீண்ட காலம் நின்றவர்களுக்கெல்லாம் காது கெட்டுக்கொண்டு வந்தது. அண்ணியின் இடது காது பாதிக்கு மேல் போயிருந்தது. வலது காதையாவது காப்பாற்ற வேண்டுமானால் அவரை பேக்கிங் பிரிவுக்கு மாற்ற வேண்டும்.

அண்ணி கேட்கத் தயங்குகிற ஆள் இல்லை. கம்பெனியின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர்கள் சார்பில் உட்காருகிறவர். அங்கேயே எழுந்து கேட்டுவிட்டார். மேனேஜர் மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம்: சொந்தக்காரர் எடுத்த டெஸ்ட் என்று சொன்னால் ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது, முறையான ஆய்விதழில் வரட்டும், லிங்க்கை அனுப்புங்கள், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் திறந்து பார்த்துப் பேசுவோம். திறக்க முடிந்தால்தான் பேச்சு. அடுத்த கூட்டம் ஆடித் திருவிழா முடிந்த பிறகு. வந்தவுடன் எல்லாரும் படிக்கலாம் அண்ணி என்று நான் வேறு வாயைக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் துறைத் தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் சிலோன் தமிழர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதுவரை தன் துறையில் எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

"நல்ல ஜேர்னல். புள்ளி வந்திட்டுது. பிறகென்ன பிள்ளை?" என்றார்.

ஓபன் அக்சஸுக்குப் பல்கலைக்கழக நிதி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். அப்படி ஒரு நிதி உண்டு. ஆனால் ஆண்டின் பிற்பாதியில் அதைக் கேட்பது, தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து முறுக்கு டப்பாவைத் திறந்து பார்ப்பது போலத்தான்.

"அது முடிஞ்சுது. நான் ஒண்டு சொல்லட்டே? மூடியே வையுங்கோ. ஆரும் வாசிக்காட்டி ஆரும் பிழை பிடிக்க மாட்டினம். திறந்து விட்டால் ஊர் உலகம் எல்லாம் வந்து பிழை பிடிக்கும்."

ஓர் ஆராய்ச்சியாளர் வாயிலிருந்து இப்படி ஒரு தத்துவம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் வெளியிட்ட கட்டுரைகளை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திட்டம் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

வீட்டில் என் கணவருக்கு வேறு யோசனை. அவர் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். காலையில் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், சாயங்காலம் புகையும் வியர்வையுமாகத் திரும்புவார். அன்று என் தோளுக்கு மேல் எட்டி மின்னஞ்சல்களைப் பார்த்தவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இவங்களுக்குக் குடுத்திடலாமே? பாரு, 'பெருமதிப்பிற்குரிய மேதகு பேராசிரியர் அவர்களே'ன்னு எழுதியிருக்காங்க. கம்மி காசு. மூணு நாள்ல போட்டுடுவாங்களாம். உங்க ஹெட் ஒரு நாளாவது ஒன்ன மேதகுன்னு கூப்பிட்டிருக்காரா?"

அது போலி இதழ் என்றேன். காசு கொடுத்தால் எதையும் போடுவார்கள். உண்மையா பொய்யா என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

"நீ எழுதினது உண்மைதானே? அப்புறம் என்ன பயம்?"

இதற்குப் பதில் சொல்வது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கடைசியில் அதே ஆட்கள் அனுப்பிய இன்னொரு கடிதத்தைத் திறந்து காட்டினேன். அதில் அதே மேதகு பேராசிரியரை, இறால் நோய்கள் பற்றிய அவருடைய உலகப் புகழ் பெற்ற ஆய்வைத் தொடர்ந்து எழுதுமாறு கேட்டிருந்தார்கள். கணவர் "இறால் வேற பண்றியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாசாய்க்குப் போய் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். திறந்து வைப்பதற்கு எழுதியவரே காசு கட்ட வேண்டும் என்பதைக் கேட்டு அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படுவதற்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதுதான் உண்மை. அண்ணி கொஞ்சமும் அசரவில்லை.

"இதுல என்ன இருக்கு? தீவாளிக்கு ஓபன் ஹவுஸ் வைக்கிறோம். வர்றவங்ககிட்டயா காசு வாங்குறோம்? நம்மதானே ஆக்கிப் போடுறோம். அதே மாதிரிதான் லா."

ஓபன் அக்சஸை விளக்க நான் பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். வட்டம் வட்டமாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நான் சிரித்தேன். அங்கேதான் தவறிவிட்டேன். ஓபன் ஹவுஸ் என்றால் ஒரு வீட்டுக்காரர் மட்டும் செலவு செய்ய மாட்டார், நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டுக் கட்டுவார்கள் என்று அண்ணியின் மூளை அதற்குள் அடுத்த படிக்குப் போயிருந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வா என்று அண்ணியிடமிருந்து போன் வந்தது. மாசாய்ப் பக்கத்து அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயகாரர் உண்டு. ஒரு குடும்பமோ, ஒரு தாமான் குடியிருப்புக்காரர்களோ, ஒரு கம்பெனி ஆட்களோ சேர்ந்து அன்றைய பூசை, பூ, சாப்பாடு எல்லாச் செலவையும் ஏற்பார்கள். பதிலுக்கு அவர்களுக்கு மாலை போடுவார்கள், பெயரை மைக்கில் வாசிப்பார்கள். பெயரை வாசிக்க விட்டுப்போனால் அந்தக் கோயில் கமிட்டி அடுத்த தேர்தலில் நிலைக்காது.

கோயில் வாசலிலேயே பெரிய பதாகை ஒன்று தொங்கியது. நடுவில் அம்மன், ஓரத்தில் நான். என் கல்யாணப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். தோளில் கணவரின் விரல்கள் நான்கு மிச்சம் இருந்தன. கீழே 'ஆராய்ச்சிக் கட்டுரை வெளியீட்டு உபயம்' என்று எழுதியிருந்தது.

"அண்ணி, என்ன இது?"

"உன் பேப்பரத் தொறக்கத்தான். எல்லாரும் போட்டாச்சு. நீ சும்மா வந்து நில்லு."

உள்ளே பிரஸ் பிரிவே பட்டுப்புடவையில் நின்றது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். கட்டுரைக்கு என்றார் அண்ணி. குருக்கள் எல்லாவற்றையும் பார்த்தவர். நட்சத்திரம் கேட்டார். அண்ணி என் பக்கம் திரும்பி, "ஏத்துக்கிட்டோம்னு மெயில் என்னைக்கு வந்துச்சு?" என்றார். நான் மந்திரித்துவிட்ட மாதிரி நாளைச் சொன்னேன். குருக்கள் போனில் பஞ்சாங்கத்தைத் தட்டிப் பார்த்தார். சதயம், கும்ப ராசி. நல்ல நட்சத்திரம்தான், பலன் கொஞ்சம் தாமதமாக வரும் என்றார். ஆய்விதழ்களைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

இதில் எனக்கு என்ன ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுக்கு அனுமதி வாங்கியபோது பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்: பங்கேற்ற பெண்கள் யார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. பெயர்களை எண்களாக மாற்றியிருந்தேன். தொழிற்சாலையின் பெயரைக்கூட எழுதாமல், தென் ஜொகூரில் ஓர் உலோகப் பொருள் தொழிற்சாலை என்று மட்டும் போட்டிருந்தேன். அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை, கூரையின் நான்கு மூலையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில், தலைவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தாமான், எந்த கம்பெனி, எந்தப் பிரிவு. பெயர் வாசிக்கப்பட்டதும் ஒவ்வொருவராக ஓர் அடி முன்னால் வந்து கும்பிட்டார்கள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஒருவரும் விட்டுப்போகவில்லை.

முடித்துவிட்டுத் தலைவர் தன் சொந்தச் செலவில் ஒன்று சேர்த்தார்: "இவங்க எல்லாருக்கும் கெட்டுப்போன காது சீக்கிரம் குணமாகணும்னு அம்பாளை வேண்டிக்குவோம்!"

அந்த ஒலிபெருக்கியின் சத்தத்துக்கே தனியாக ஓர் ஆய்வு செய்யலாம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நெறிமுறைக் குழுவில் யாரும் மாசாயில் குடியிருக்கக் கூடாதே என்று அம்மனை வேண்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் மனமுருகி வேண்டியது அதுதான்.

பூசை முடிந்ததும் அண்ணியைக் கோயில் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இந்தப் பணத்தை நான் தொட முடியாது என்றேன்.

"ஏன்? நல்ல காசுதான்."

"அண்ணி, நான் அளந்தது உங்க காத. அந்தக் கட்டுரைக்கு நீங்களே காசு கட்டினா, காசு வாங்கிக்கிட்டு உங்க பக்கமா எழுதிட்டேன்னு உங்க மேனேஜரே சொல்வாரு."

"எங்க காது, எங்க காசு. அவருக்கு என்ன போச்சு?"

"வேணாம் அண்ணி. கேஸே கெட்டுப் போயிடும்."

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அப்புறம் எப்படித் தொறப்ப என்று கேட்டார். தெரியாது என்றே சொன்னேன். உபயம் என்று மைக்கில் சொன்னதைத் திருப்பி வாங்கும் வழக்கமில்லை என்று கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டதால் அந்தப் பணம் அன்னதானத்துக்குப் போனது. அந்த ஆடியில் மாசாய்க்காரர்கள் என் கட்டுரையின் பேரில் சாம்பாரும் பாயசமும் சாப்பிட்டார்கள். என்னையும் உட்கார வைத்து இரண்டு முறை பாயசம் ஊற்றினார்கள்.

திங்கட்கிழமை என் எரிச்சலையெல்லாம் பல்கலைக்கழக நூலகத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். அங்கே ஆய்வுகளைக் கவனிக்கும் மலாய் அக்கா ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் அவர் கக்காக். நான் பொரிந்து தள்ளி முடிக்கும் வரை நெத்திலிக் கருவாடு போட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "தாக் பாயா பாயார் லா, டாக்டர்" என்றார். காசே கட்ட வேண்டாமாம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. இதழ் அழகாக அச்சுக்கோத்து வெளியிடும் பிரதிதான் அவர்களுக்குச் சொந்தம்; அதைத்தான் பூட்டுவார்கள். அதற்கு முன், திருத்தங்கள் முடிந்து அவர்கள் ஏற்றுக்கொண்ட என் கைப்பிரதியை நம் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில் போட்டுவிடலாம். அதை யாரும் திறக்கலாம். சில இதழ்கள் ஓர் ஆண்டாவது காத்திருக்கச் சொல்லும். இந்த இதழ் காத்திருக்கச் சொல்லவில்லை. கக்காக் விதிமுறையைத் திரையில் திறந்து காட்டினார். இதைப் பற்றி எல்லா விரிவுரையாளர்களுக்கும் பலமுறை சுற்றறிக்கை அனுப்பியதாகவும் சொன்னார். சுற்றறிக்கையைப் படிக்கிற விரிவுரையாளரை நான் இன்னும் சந்தித்ததில்லை. அன்று மத்தியானமே என் கட்டுரை உலகத்துக்குத் திறந்துவிட்டது. கக்காக் சாப்பாட்டையும் முடித்துவிட்டார்.

சந்தோஷத்தில் லிங்க்கை அண்ணிக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"இது என்னம்மா, டைப் அடிச்ச மாதிரியே இருக்கு? வரி வரியா தள்ளித் தள்ளி. படம் எல்லாம் கடைசியில கெடக்கு. புக்கு மாதிரி இல்லையே."

கைப்பிரதி என்றால் அப்படித்தான் இருக்கும், உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான் என்று விளக்கினேன். அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. மேனேஜர் கையில் கொடுக்கிற பொருள் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? கடைக்குப் போய் பளபளப்பான தாளில் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு, நீல அட்டை கட்டி, முதல் பக்க மூலையில் பிள்ளையார் சுழி போட்டு நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிவிட்டார். என் வாழ்நாளில் நான் எழுதிய எதற்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

கூட்டம் நடந்த அன்று எனக்கு வகுப்பு இருந்தது. என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. போனை மேசை மீது வைத்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம்தான் அண்ணி கூப்பிட்டார். எடுத்தவுடனேயே, அடுத்த மாதத்திலிருந்து பேக்கிங்தான் என்றார். அவருக்கு மட்டும் இல்லை, பிரஸ் பிரிவில் காது கெட்ட எல்லாருக்கும் மாற்று வேலை. மற்றவர்களை முறை வைத்து மாற்றுவார்களாம். நான் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டே அழுதேன். லிங்க் திறந்ததா அண்ணி என்று கேட்டேன். என் திறமையைக் கொஞ்சம் கேட்டு மகிழலாம் என்ற ஆசை.

"அதெல்லாம் நல்லாத்தான் தொறந்துச்சு. அவரு போன்ல முழுக்கப் படிச்சாரு. படிச்சிட்டு, இதுல நம்ம கம்பெனி பேரே இல்லையே, தென் ஜொகூர்ல எத்தனையோ பேக்டரி இருக்கு, இது யாரோ என்னமோன்னுட்டாரு."

ஊரெல்லாம் அலைந்து கட்டுரையைத் திறந்த நானே, அதற்குள் இருந்த பெண்களைப் பூட்டி வைத்திருந்தேன். அது சரியான காரியம்தான். இப்போது கேட்டாலும் அப்படித்தான் எழுதுவேன். ஆனாலும் அந்த நிமிஷம் என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

"அலமாக்! அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் எந்திரிச்சேன். இது சாயா லா போஸ், நான்தான், இந்த இடது காது என்னோடதுன்னேன். ஷிப்ட் முடிஞ்சி மத்த பிரஸ் பொண்ணுங்கல்லாம் வாசல்லதான் நின்னுச்சுங்க. அதுங்களும் உள்ள வந்து, ஒன்னொன்னா, சாயா ஜுகா, சாயா ஜுகான்னுச்சுங்க. நானும்தான், நானும்தான்னு அத்தன பேரும்."

அண்ணி கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"அதுக்கப்புறந்தாம்மா அவரு போனக் கீழ வச்சிட்டு எங்க மூஞ்சியப் பாத்தாரு."